வேப் இழுக்கும் பிள்ளை சிகரெட்டுக்குப் போவானா?

வாகட்டில் எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. எல்லாரும் ஹிஞ்சவடி ஐடி பூங்கா வேலையை நம்பிப் புனே வந்து சேர்ந்தவர்கள். ஒரு நாள் இரவு, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் அம்பாசமுத்திரத்துத் தங்கச்சி கதவைத் தட்டினார். கைக்குட்டையில் ஏதோ ஒன்றைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிரித்தால் விரல் நீளத்தில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் குச்சி, ஒரு முனையில் சின்ன ஓட்டை.

"அண்ணே, மகன் பையில இருந்துச்சு. பென்டிரைவ்ங்கான். மோந்து பாத்தா மாம்பழ வாசம் அடிக்கி. பென்டிரைவ்ல எதுக்குண்ணே மாம்பழ வாசம்?"

மகனுக்குப் பதினெட்டு வயது, பொறியியல் முதலாண்டு. மறுநாள் கேட்டதும் வேப், அதாவது மின் சிகரெட்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனால் பதிலையும் கையோடு வைத்திருந்தான். "இதுல புகையே கிடையாது, வெறும் ஆவி. இதை இழுக்கிறவன் சிகரெட் பக்கம் போகமாட்டான். மருந்துக் கம்பெனிக்காரன் நிக்கோட்டின் சூயிங்கம் விக்கணும்னுதான் இதைத் தடை பண்ண வச்சிருக்கான்." அம்மாவுக்கு வாயடைத்துப் போயிற்று. அவன் சொன்ன ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் பெற்றோரால் சட்டென்று மறுக்க முடிவதில்லை. அந்தத் தங்கச்சிக்குச் சொன்னதை, வளரும் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குச்சிக்குள் இருப்பது ஒரு சின்ன பேட்டரி, சூடேறும் கம்பிச்சுருள், திரவத்தில் ஊறிய பஞ்சு. வாயில் வைத்து இழுத்ததும் கம்பி சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப்பொருள், நிக்கோட்டின் ஆகியவை இருக்கும். எதுவும் எரிவதில்லை. சிகரெட் அப்படியில்லை. புகையிலை எரியும்போது கார்பன் மோனாக்சைடும் தாரும் ஏழாயிரம் வகை வேதிப்பொருள்களும் வருகின்றன. அவற்றில் எழுபதளவு புற்றுநோய் தருபவை. ஆகவே பல ஆண்டு சிகரெட் பிடித்த ஒருவர் அதை முழுதாக விட்டுவிட்டு வேப்புக்கு மாறினால் அவருக்குக் கேடு குறைகிறது. பிரிட்டனில் அரசு மருத்துவ அமைப்பே புகைப்பவர்களிடம் இதைச் சொல்கிறது. பையன் சொன்னதில் இந்த அளவு சரி.

ஆனால் அந்த ஒப்பீடு சிகரெட் பிடிப்பவருக்கு மட்டுமே பொருந்தும். அவன் அதுவரை ஒரு சிகரெட்டும் தொட்டதில்லை. அவன் விட்டுவிட்டு வந்தது வெறும் காற்றை.

சரி, இனி சிகரெட்டுக்குப் போவானா என்பது. அறிவியல் உலகில் இன்றுவரை சூடு தணியாத சண்டை இது. ஒரு போதைப்பொருள் அடுத்ததற்குக் கதவு திறந்துவிடுகிறது என்ற 'நுழைவாயில்' கருத்தை 1975இல் அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் காண்டல் முன்வைத்தார். வேப் வந்த பிறகு அந்தக் கேள்வி புதிதாக உயிர்பெற்றது. 2017இல் வெளியான ஓர் அமெரிக்கத் தொகுப்பாய்வு, ஒன்பது ஆய்வுகளில் பங்கேற்ற 17,389 வளரிளம் பருவத்தினரையும் இளைஞர்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. சிகரெட்டே தொடாமல் வேப் மட்டும் இழுத்துப் பார்த்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் பின்னால் சிகரெட் பிடித்தார்கள். வேப் தொடாதவர்களில் அது 8 சதவீதம். வீட்டில் புகைப்பவர் உண்டா, நண்பர்கள் புகைக்கிறார்களா என்பதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை. 2018இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகளின் அறிக்கையும், இளையோரிடம் வேப் பழக்கம் சிகரெட்டைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது.

மறுதரப்பு கேட்கும் கேள்வியும் நியாயமானது. ஊர்க் கிணற்றில் முதலில் குதிக்கிற பையன்தான் அடுத்தவன் மாந்தோப்பு வேலியையும் முதலில் தாண்டுவான். கிணறுதான் அவனை மாந்தோப்புக்கு அனுப்பியது என்று சொல்வோமா? எதையும் தொட்டுப் பார்க்கிற குணமுள்ள பிள்ளை வேப்பையும் தொடுவான், சிகரெட்டையும் தொடுவான். முதலில் கைக்குக் கிடைத்தது எதுவோ அது காரணம் போலத் தோன்றும். இதைச் சந்தேகமறத் தீர்க்க வேண்டுமென்றால் பாதிப் பிள்ளைகளுக்கு வேப் கொடுத்து, மீதிப் பேருக்குக் கொடுக்காமல் பல ஆண்டு பார்க்க வேண்டும். மனசாட்சி உள்ள யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

நாட்டுக் கணக்கையும் பார்க்கலாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 2011இல் சிகரெட் பிடித்தவர்கள் 15.8 சதவீதம், வேப் இழுத்தவர்கள் 1.5 சதவீதம். 2019இல் வேப் 27.5 சதவீதத்துக்குத் தாவியது. கதவு அவ்வளவு அகலமாகத் திறந்திருந்தால் சிகரெட்டும் கூடியிருக்க வேண்டும். அது 5.8 ஆகக் குறைந்தது. 2024இல் வேப் 7.8 சதவீதத்துக்கு இறங்கியபோது சிகரெட் 1.7 சதவீதத்தில் இருந்தது.

இரண்டு கணக்கும் ஒன்றையொன்று அடித்துவிடுவதில்லை. ஒரு தேசத்தில் சிகரெட் குறைந்துகொண்டே வரலாம். அதே நேரத்தில் சில ஆயிரம் பிள்ளைகள் வேப் வழியாக அதற்குள் விழவும் செய்யலாம். வேப் இழுத்தவன் சிகரெட்டுக்குப் போவது உறுதி என்பது மிகை. போகவே மாட்டான் என்று அந்தப் பையன் சொன்னது அதைவிடப் பெரிய மிகை.

ஆனால் வாகட்டில் நிலைமை அமெரிக்கா மாதிரி இல்லை. இங்கே வேப் சட்டவிரோதம், சிகரெட் சட்டபூர்வம். 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. விற்றால் முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தமிழ்நாடும் கர்நாடகமும் அதற்கு முன்பே தடை போட்டிருந்தன. அப்படியிருந்தும் பிள்ளையின் பைக்குள் வேப் வந்துவிட்டது. குட்காவை மகாராஷ்டிரம் 2012இலும் தமிழ்நாடு 2013இலும் தடை செய்த பிறகு நாம் பார்த்துக்கொண்டிருக்கும் அதே கதைதான். தெரிந்தவன் மூலம் வரும், செல்போனில் வரும்.

அப்படி வரும் சரக்கு ஒரு நாள் நின்றுபோகும். விற்றவன் பிடிபடுவான், அல்லது பையனிடம் காசு இருக்காது. அவன் மூளை மட்டும் நிக்கோட்டின் கேட்டுக்கொண்டே இருக்கும். கல்லூரி வாசலிலிருந்து சாய் குடிக்கப் போகும் வழியில் பான் டப்ரி என்ற பெட்டிக்கடை இருக்கிறது. ஹிஞ்சவடி ஐடிக்காரர்கள் 'சுட்டா பிரேக்' என்று புகைக்கப் போய் நிற்கும் அதே டப்ரி. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சிகரெட்டை உதிரியாக விற்கக் கூடாது என்று மகாராஷ்டிர அரசு 2020 செப்டம்பரில் உத்தரவு போட்டது. டப்ரிக்காரர் இன்றும் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டுகிறார். வேப்பிலிருந்து சிகரெட்டுக்குப் போகும் கதவு நம் ஊரில் இதுதான் என்பது என் கணிப்பு. வாசனையும் ஆர்வமும் அவனை அங்கே இழுத்துப் போகாமல் இருக்கலாம். பழகிப்போன நிக்கோட்டினுக்கு வரத்து நின்றுபோவது இழுத்துப் போய்விடும்.

இதைச் சொன்னபோது அந்தத் தங்கச்சி கேட்டார்: "அப்ப சிகரெட்டுக்குப் போகலேன்னா பரவாயில்லையாண்ணே?"

இல்லை. எல்லாரும் சிகரெட்டையே பார்த்துக்கொண்டிருப்பதால் இந்தக் கேள்வி விட்டுப்போகிறது. இழுத்த நிக்கோட்டின் பத்து இருபது விநாடிக்குள் மூளையைத் தொடுகிறது. அங்கே ஓர் இதமான சுரப்பைக் கிளப்புகிறது. அது அடங்கியதும் எரிச்சல், தவிப்பு, கவனச்சிதறல். அதைத் தணிக்க மறுபடி ஓர் இழுப்பு. மூளை வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகிறது. அதற்கு முன் பழகிய நிக்கோட்டின் ஆழமாக வேரூன்றும். பழைய வகை நிக்கோட்டின் தொண்டையைக் கரகரக்கச் செய்யும், அதுவே ஒரு தடையாக இருந்தது. இப்போது அமிலம் சேர்த்து 'நிக்கோட்டின் உப்பு' ஆக்குகிறார்கள். காட்டம் தெரியாமல் நிறைய உள்ளே போகிறது. உறையில் 5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் ஒரு மில்லி லிட்டரில் சுமார் 50 மில்லிகிராம் என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவே 20தான். மாம்பழ வாசம் அதை மூடி மறைக்கும் போர்வை. அவன் ஆயுள் முழுக்கச் சிகரெட்டைத் தொடாமலே போகலாம். மூன்று மணி நேரத் தேர்வை இழுப்பில்லாமல் எழுத முடியாதவனாக ஆகிவிட்டால் அதுவே ஓர் அடிமைத்தனம்தான்.

மருந்துக் கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். பையன் சொன்னதில் எனக்கு அதிக மரியாதை உள்ள பகுதி இது. மருந்துத் தொழிலைச் சந்தேகப்படக் காரணம் இல்லாமல் இல்லை. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாட்டு ஆய்வகம் பார்த்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் இருந்தது. வெளிநாட்டுப் பெருநிறுவனங்களும் சுத்தமில்லை. கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் 2012இல் அமெரிக்காவில் 300 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, பியூப்ரோபியான் மருந்தை அனுமதி இல்லாத உபயோகங்களுக்கு விளம்பரப்படுத்தியது. அதே பியூப்ரோபியான் இன்னொரு பெயரில் சிகரெட்டை விடவைக்கும் மாத்திரையாகவும் விற்கப்படுகிறது.

இவ்வளவும் தெரிந்த ஒருவர் மருந்துக் கம்பெனியை நம்பமாட்டேன் என்றால் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. வேப் விற்பவன் யார் என்றும் பார்க்க வேண்டும்.

இன்றைய மின் சிகரெட்டை 2003இல் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். நுரையீரல் புற்றுநோயில் தந்தையைப் பறிகொடுத்தவர், தானும் புகைத்தவர். அவர் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 2013இல் அந்தக் காப்புரிமைகளை வாங்கியது இம்பீரியல் என்ற பிரிட்டிஷ் சிகரெட் நிறுவனம். அமெரிக்கப் பள்ளிகளை ஆட்டிப்படைத்த ஜூல் வேப்பின் 35 சதவீதப் பங்கை 2018 டிசம்பரில் 1,280 கோடி டாலருக்கு வாங்கியது மார்ல்பரோவை அங்கே விற்கும் ஆல்ட்ரியா. ஃபிலிப் மோரிஸ் இன்னொரு படி மேலே போனது. 2021இல் ஆஸ்துமா இன்ஹேலர் தொழில்நுட்பம் செய்யும் வெக்டுரா நிறுவனத்தையே 100 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. நுரையீரலைக் கெடுத்த பணத்தில் நுரையீரல் மருந்து. பிரிட்டன் மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள்.

நம் நாட்டிலும் பாருங்கள். இந்தியாவின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐடிசி 2014இல் 'இயான்' என்ற பெயரில் மின் சிகரெட்டை இறக்கியது. 'குவிக்நிக்' என்ற நிக்கோட்டின் சூயிங்கத்தையும் விற்றது. பழக்கம், பழக்கத்துக்கு மாற்று, பழக்கத்துக்கு மருந்து, மூன்றும் ஒரே கடையில். மருந்துக் கம்பெனி ஒரு பக்கம், வேப்காரன் எதிர்ப்பக்கம் என்று பையன் மனதில் இருந்த படம் இந்த இடத்தில் கலைந்துபோகிறது. மின் சிகரெட் தடை அறிவிப்பு வந்த அன்று பங்குச் சந்தையில் ஏறியது சிகரெட் கம்பெனிகளின் பங்குகள். ஐடிசியின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று அரசுக்குச் சொந்தமான எல்ஐசி. தடையால் யாருக்கு லாபம் என்று கேட்டால் சூயிங்கம் விற்பவனைவிடச் சிகரெட் விற்பவனுக்கே அதிகம் என்பேன். வேப்பைத் தடை செய்த அரசு, ஆண்டுக்கு லட்சக்கணக்கானோரைக் கொல்லும் சிகரெட்டையும் பீடியையும் தெருமுனையில் விட்டுவைத்திருப்பது நேர்மையான நிலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. தடை வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது பாதி வேலை என்பதற்காகச் சொல்கிறேன்.

மருந்து உலகம் வேப் பற்றிய உண்மையை மறைக்கிறதா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. பிரிட்டனில் 886 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்ற நிக்கோட்டின் மாற்றுகளைப் பயன்படுத்தியவர்களில் ஓராண்டு கழித்துச் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் 9.9 சதவீதம். வேப் பயன்படுத்தியவர்களில் 18 சதவீதம். மருந்துக் கம்பெனிக்குச் சங்கடமான இந்த முடிவை உலகின் முன்னணி மருத்துவ இதழ் தயங்காமல் வெளியிட்டது. காக்ரேன் என்ற சுயேச்சை அமைப்பின் தொகுப்பாய்வும் இதையே உறுதிப்படுத்துகிறது. மறைப்பு வேலை நடந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. அதே ஆய்வின் இன்னொரு வரியையும் அந்தப் பையனுக்குச் சொன்னேன். வேப் மூலம் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் வேப்பை விடவில்லை. மற்ற பிரிவில் விட்டவர்களில் மாற்று மருந்தை இன்னும் பயன்படுத்தியவர்கள் 9 சதவீதம்தான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. இருமல் மருந்தைக் கெடுத்த அந்த நஞ்சு உள்ளே வந்தது புரொப்பிலீன் கிளைக்கால் வழியாக. மருந்துத் தரத்தில் இல்லாத மலிவுச் சரக்கைச் சோதிக்காமல் கலந்ததால் வந்த வினை. வேப் திரவத்தின் அடிப்படைப் பொருளும் அதே புரொப்பிலீன் கிளைக்கால்தான். 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சில மின் சிகரெட் குப்பிகளைச் சோதித்தபோது ஒன்றில் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. உரிமம் பெற்று, அரசு ஆய்வுக்கு உட்பட வேண்டிய ஒரு மருந்து ஆலையிலேயே குழந்தைகளைக் கொல்லும் தவறு நடந்தது. உரிமமும் இல்லை, ஆய்வாளரும் இல்லை, யார் எங்கே அடைத்தார் என்பதும் தெரியாது என்ற குப்பியை எந்த நம்பிக்கையில் மூச்சோடு இழுப்பது? 2019-20இல் அமெரிக்காவில் வேப் இழுத்து நுரையீரல் பழுதாகி 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது உயிரிழந்தார்கள். இறந்தவர் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச்சந்தைக் குப்பிகள். அதில் கெட்டிப்படுத்தச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. மருந்துக் கம்பெனியை நம்பாதவன் கள்ளக் குப்பியை நம்புவதில் நியாயமே இல்லை. சிகரெட்டை விடத் தவிக்கும் பெரியவர்களுக்கும் இந்தியாவில் கிடைக்கும் வேப் இப்படிப்பட்டதுதான் என்பதால், அவர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்று. மகாராஷ்டிரத்தில் புகையிலை என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது சிகரெட்டோ வேப்போ இல்லை. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் இங்கே புகைப்பவர்கள் 3.8 சதவீதம், வாயில் போடுபவர்கள் 24.4 சதவீதம். வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் மிஷ்ரி என்ற வறுத்த புகையிலைத் தூளைப் பல்லில் தேய்ப்பதும், கட்டட வேலைக்காரர்கள் தம்பாகு என்ற புகையிலையை வாயில் அடக்குவதும் வாகட்டில் அன்றாடக் காட்சி. பிள்ளையின் வேப் நம்மைப் பதறவைக்கும்போது அவர்களையும் ஒரு கணம் நினைக்கலாம்.

வீட்டில் வேப் கிடைத்தால் என்ன செய்வது? அடிக்காதீர்கள், ஊருக்குச் சொல்லாதீர்கள். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு என்று மட்டும் கேளுங்கள். அரை மணிக்குள் என்றால் பிடி பலமாகிவிட்டது என்று பொருள். நிறுத்தியதும் முதல் மூன்று நாள் எரிந்து விழுவான், தூங்கமாட்டான். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த நாள்களில் தேர்வு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது, 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். பதின்பருவப் பிள்ளைக்கு எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பெரியவர்கள் பலர் அதை பபிள்கம் போல மென்று துப்பிவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். நாலைந்து முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே சாயோ காபியோ குடிக்கக் கூடாது, குடித்தால் மருந்து சரியாக உள்ளே இறங்காது.

புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-112-356. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் வழியாகத் தமிழிலும் பேசலாம். எடுத்தவுடன் போனைப் பிள்ளை கையில் திணிக்காமல், முதல் அழைப்பை நீங்களே செய்து பேசிப் பாருங்கள்.